களைத்த கை உயிர் காக்குமா?

வைத்தியசாலைக்குச் சென்று மீண்டோர் நம்மிடம் கூறும் குறைகளுள் முதலிடம் பெறுவது வைத்தியரைப் பற்றியதன்று, மருந்தைப் பற்றியதுமன்று. "மிஸி ஏசிப்போட்டா", "மூன்று தரம் கூப்பிட்டும் வரேல்லை", "சேலைன் முடிஞ்சு குழாயிலை இரத்தம் ஏறின பிறகுதான் வந்து பார்த்தா" என்பனவே நாம் அடிக்கடி கேட்கும் சொற்கள். திண்ணையிலும் சந்தையிலும் சங்கக் கடையிலும் இவை பேசப்படுகின்றன. பேசி முடிந்ததும், "இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குச் சேவை மனப்பான்மை இல்லை" என்ற தீர்ப்பும் வழங்கப்பட்டுவிடுகின்றது.

அக்குறைகள் யாவும் பொய் என்று நாம் கூற வரவில்லை. அவற்றுட் பல உண்மை. தாதியொருவர் சுடுசொற் கூறியதும் உண்மை. அழைத்தபோது வராதிருந்ததும் உண்மை. மருந்து நேரந் தவறியதும் உண்மை. ஆயின் வழங்கப்பட்ட தீர்ப்பு உண்மையா? குற்றம் அத்தாதியின் மனத்திலே பிறந்ததா, அன்றி அவர் நிறுத்தப்பட்டிருக்கும் இடத்திலே பிறந்ததா? இக்கேள்விக்கு விடை காணாது நாம் எத்தனை முறைப்பாடு எழுதினாலும், எத்தனை பேரை இடமாற்றம் செய்வித்தாலும், நாளைக்கு அதே கட்டிலிற் படுக்கப்போகும் நமது தாயும் தந்தையும் அதே குறையையே காண்பர்.

ஓர் இரவின் கணக்கு

அண்மையில் உறவினர் ஒருவருக்குத் துணையாக வடபகுதி வைத்தியசாலை ஒன்றிலே ஓர் இரவைக் கழிக்க நேர்ந்தது. வாட்டிலே கட்டில்கள் நிறைந்து, சிலர் தரையிலும் பாய் விரித்துப் படுத்திருந்தனர். ஏறக்குறைய ஐம்பது நோயாளர். அவர்களுக்கு இரவு முழுவதும் இரு தாதியர். நாம் பொழுது போகாமையாற் போட்ட கணக்கு இது: இரவு 7 மணி முதல் மறுநாட் காலை 7 மணி வரை 12 மணித்தியாலம், அஃதாவது 720 நிமிடம். இருவருக்கும் சேர்த்து 1,440 நிமிடம். அவ்விருவரும் உண்ணாமலும், நீர் அருந்தாமலும், ஒரு கணமும் உட்காராமலும் உழைத்தார்கள் என்றே வைத்துக்கொள்வோம். ஐம்பதால் வகுத்தால் ஒரு நோயாளிக்கு அந்த இரவு முழுவதற்கும் கிடைப்பது 29 நிமிடத்திற்கும் குறைவு.

அந்த 29 நிமிடத்துள் அடங்கவேண்டியவை எவை? இரவு மருந்து கொடுக்கவேண்டும். ஊசி மருந்தை அளந்து, கலந்து, பெயரையும் கட்டில் இலக்கத்தையும் ஒத்துப்பார்த்து ஏற்றவேண்டும். நாடித் துடிப்பும் இரத்த அழுத்தமும் காய்ச்சலும் பார்த்து எழுதவேண்டும். சேலைன் ஓடும் வேகத்தைத் திருத்தவேண்டும். அசைய முடியாதவரைப் புரட்டிப் படுக்கவைக்கவேண்டும். அன்றேல் முதுகிலே படுக்கைப்புண் தோன்றும். ஒரு நோயாளியைத் தொட்டபின் கையைத் துப்புரவு செய்தன்றி மற்றவரைத் தொடலாகாது. தொட்டால் ஒருவரின் கிருமி மற்றவரைச் சேரும். புதிதாக வருவோரை ஏற்கவேண்டும். இறப்போரின் உடலை முறைப்படி ஒப்படைக்கவேண்டும். அவர்தம் உறவினரின் அழுகைக்கும் சில வேளைகளில் ஆத்திரத்திற்கும் முகங்கொடுக்கவேண்டும். இவை அனைத்தையும் கொப்பிகளிலும் படிவங்களிலும் எழுதிவைக்கவேண்டும்.

நாம் இருந்த இரவிலே நள்ளிரவு கழிந்து சற்று நேரத்தில் ஒருவரை அவசரமாகச் சத்திரசிகிச்சைக் கூடத்திற்குக் கொண்டுசெல்ல வேண்டியதாயிற்று. இருவருள் ஒருவர் கூடவே போனார். ஐம்பது பேருக்கு எஞ்சியவர் ஒருவர். அவ்வேளையில் மூன்று கட்டில்களிலிருந்து மூன்று குரல்கள் எழுந்தன. அவர் எந்தக் கட்டிலுக்கு முதலிற் போவார்? எதற்குப் போனாலும் மற்ற இருவரும் மறுநாள், "கூப்பிட்டும் வரேல்லை" என்றுதானே கூறுவர்? அவர்கள் கூறுவதும் உண்மைதானே?

விடியும் வேளையிலே அத்தாதி நம்முறவினரைச் சற்றுக் கடுமையாகவே பேசினார். கோபம் வந்தது. பின்னர் விசாரித்தபோது, அவர் முதல்நாட் பிற்பகல் 1 மணிக்கே கடமைக்கு வந்தவர் என்று அறிந்தோம். நமது அரசாங்க வைத்தியசாலைகளிலே காலை 7 முதல் 1 வரை, 1 முதல் மாலை 7 வரை, 7 முதல் மறுநாட் காலை 7 வரை என மூன்று முறைகளாகக் கடமை பகுக்கப்பட்டிருப்பதே வழக்கம். ஆளில்லாக் குறையால் மாலைக் கடமையையும் இரவுக் கடமையையும் ஒருவரே தொடர்ந்து செய்தால் அது 18 மணித்தியாலம். பதினெட்டாவது மணித்தியாலத்திலே இன்சொற் பேசும் ஆற்றல் நம்மில் எத்தனை பேருக்கு உண்டு?

ஏர் பூட்டி உழுத காலத்தைக் கண்ட கமக்காரர் இதனை எளிதில் உணர்வர். காலையிலே உழுத சோடியைப் பிற்பகலில் வண்டியிற் பூட்டி, இரவிலே சூடு மிதிக்கவும் விட்ட கமக்காரன் உண்டா? அப்படி ஒருவன் செய்திருந்தால் ஊரார், "மாட்டிற்குச் சேவை மனப்பான்மை இல்லை" என்றா சொல்லியிருப்பர்? வாயில்லா உயிருக்கு நாம் காட்டிய நியாயத்தை, நமது உயிரையே கையில் ஏந்தி நிற்கும் பெண்ணுக்குக் காட்ட மறுப்பது எந்த நீதி?

ஆராய்ச்சியாளர் அளந்து கண்ட உண்மை

இது வெறும் இரக்கப் பேச்சென்று எவரும் தள்ளிவிடலாகாது. களைப்பும் வேலைப்பளுவும் நோயாளியின் உயிரை எவ்வளவு தொடுகின்றன என்பதை ஆராய்ச்சியாளர் எண்ணிக் கணக்கிட்டிருக்கின்றனர்.

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் 168 வைத்தியசாலைகளை ஆராய்ந்து, லிண்டா ஏய்க்கன் என்னும் அறிஞரும் அவர்தம் குழுவினரும் 2002ஆம் ஆண்டில் வெளியிட்ட முடிவு உலகெங்கும் பேசப்பட்டது. பத்தாயிரத்துக்கு மேற்பட்ட தாதியரையும், சத்திரசிகிச்சை பெற்ற இரண்டு இலட்சத்து முப்பதினாயிரத்துக்கு மேற்பட்ட நோயாளரையும் அவர்கள் கணக்கிலெடுத்தனர். ஒரு தாதியின் பொறுப்பில் உள்ள நோயாளர் தொகை ஒன்றால் அதிகரிக்குந்தோறும், நோயாளி 30 நாளுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 வீதம் கூடுகின்றது என்று கண்டனர். நால்வரைப் பார்க்கும் தாதிக்கும் எண்மரைப் பார்க்கும் தாதிக்கும் இடையே அது 31 வீதமாக உயர்கின்றது. அதே ஆராய்ச்சியில், கூடும் ஒவ்வொரு நோயாளியோடும் தாதியர் மனஞ்சோர்ந்து எரிந்துபோகும் வாய்ப்பு 23 வீதமும், தொழிலில் வெறுப்புறும் வாய்ப்பு 15 வீதமும் கூடுவதும் காணப்பட்டது. ஐரோப்பாவின் ஒன்பது நாடுகளில் 300 வைத்தியசாலைகளை ஆராய்ந்து 2014இல் வெளியிடப்பட்ட முடிவும் அதே 7 வீதத்தையே காட்டிற்று.

கடமை நேரத்தின் நீளத்தைப் பற்றியும் ஆராய்ச்சி உண்டு. 393 தாதியர் நாடோறும் தாமே எழுதிய குறிப்புகளை வைத்து 2004இல் வெளியான ஆய்வு, பன்னிரண்டரை மணித்தியாலமும் அதற்கு மேலும் தொடர்ந்து கடமையாற்றுவோர் தவறு செய்யும் வாய்ப்பு ஏறக்குறைய மும்மடங்கு என்று காட்டியது. பன்னிரண்டரைக்கே இக்கதியென்றால் பதினெட்டின் கதி யாது?

அவர்கள் ஆராய்ந்தது ஒருவருக்கு நால்வரா, எண்மரா என்பதை. நாம் இங்கே பேசுவது ஒருவருக்கு இருபத்தைவரைப் பற்றி! அந்நாட்டு வீதத்தை அப்படியே எடுத்து இங்கே பெருக்கிப் பார்ப்பது முறையாகாது; வாட்டும் வேறு, நோயும் வேறு. ஆயினும் அத்தராசு எந்தப் பக்கம் சாயும் என்பதை அறியப் பெருங்கல்வி வேண்டுவதில்லை.

ஏன் இவ்வாறு நிகழ்கின்றது? வைத்தியர் வாட்டைச் சுற்றிவருவது ஒரு பொழுது. தாதி இருப்பது நாள் முழுவதும். நோயாளியின் நிலை கெடத் தொடங்கும்போது அது திடீரெனக் கெடுவது அரிது. மூச்சு சற்று வேகமாகும், நாடி ஏறும், சிறுநீர் குறையும், பேச்சிலே ஒரு தடுமாற்றம் தோன்றும். இவற்றைக் காணவேண்டிய கண் தாதியின் கண். அக்கண் உரிய நேரத்தில் அக்கட்டிலின் அருகே இல்லையெனில், வைத்தியர் எத்துணை வல்லவராயினும் அவருக்குச் செய்தி எட்டாது.

நம்மவர் நன்கறிந்த டெங்குக் காய்ச்சலையே எடுத்துக்கொள்வோம். 2017இல் இலங்கையில் ஒரு இலட்சத்து எண்பத்தாறாயிரத்துக்கு மேற்பட்டோர் அந்நோய்க்கு ஆளாயினர்; 440 பேர் மாண்டனர். அந்நோயைக் கொல்லும் மருந்து கிடையாது. இரத்தக் குழாயிலிருந்து நீர் கசியும் அந்த ஒன்றிரண்டு நாட்களில் மணிக்கு மணி நாடியையும் இரத்த அழுத்தத்தையும் சிறுநீரையும் அளந்து, ஏற்றும் நீரை அதற்கேற்பக் கூட்டியும் குறைத்தும் வருவதே வைத்தியம். நீர் குறைந்தாலும் ஆபத்து, கூடினாலும் ஆபத்து. அளப்பவர் தாதி. மாரிகாலத்திலே யாழ்ப்பாணத்து வாட்டுகள் டெங்கு நோயாளரால் நிரம்பும்போது, மணிக்கு மணி அளக்கவேண்டியோர் பதின்மரும் அளப்பவர் ஒருவருமாக இருந்தால் நிகழப்போவது என்ன?

நைற்றிங்கேல் அம்மையார் கற்ற பாடம்

தாதியரின் கடமையுணர்ச்சியைப் பற்றிப் பேசுவோர் புளோரன்ஸ் நைற்றிங்கேல் அம்மையாரின் பெயரை எடுக்காமல் விடுவதில்லை. ஆண்டுதோறும் மே 12ஆந் தேதி, அவர் பிறந்த நாளிலே, விளக்கேற்றிச் சொற்பொழிவாற்றி, "அவரைப் போற் சேவை செய்யுங்கள்" என்று உபதேசிக்கின்றனர். அவ்வம்மையாரின் வரலாற்றை முழுவதும் படித்தோர் அவ்வாறு உபதேசிக்கத் தயங்குவர்.

1854 நவம்பரில் முப்பத்தெட்டுப் பெண்களோடு அவர் துருக்கியிலுள்ள ஸ்குட்டாரி இராணுவ வைத்தியசாலையை அடைந்தார். அவர்தம் தொண்டிலே குறையில்லை, தியாகத்திலே குறையில்லை. ஆயினும் அவர் சென்ற பின்னரும் மாரிகாலம் முழுவதும் சாவு குறையவில்லை. 1855 பெப்ரவரியில் அது நூற்றுக்கு நாற்பதைத் தாண்டிற்று. மார்ச்சு மாதத்தில் அரசாங்கம் அனுப்பிய சுகாதாரக் குழுவினர் வந்து, கட்டடத்தின் கீழே தேங்கிக் கிடந்த கழிவுநீர்க் கால்வாய்களைத் துப்புரவு செய்வித்து, நல்ல நீருக்கும் காற்றோட்டத்திற்கும் வழிசெய்தனர். ஜூன் மாதத்தில் சாவு நூற்றுக்கு இரண்டு அளவாக வீழ்ந்தது. தாதியர் அதே தாதியர்தாம், மாறியது இடம்.

நாடு திரும்பிய அம்மையார் அக்கணக்குகளை வரைபடங்களாகத் தீட்டி, எஞ்சிய வாழ்நாளை வைத்தியசாலைக் கட்டடங்களையும் இராணுவச் சுகாதாரத்தையும் சீர்திருத்துவதிலேயே செலவிட்டார். இடம் கெட்டதாயின் அன்பு மட்டும் உயிரைக் காக்காது என்பதே அவர் கற்ற பாடம். விளக்கேந்திய சீமாட்டியை நினைவில் வைத்தவர்கள் கணக்கேந்திய சீமாட்டியை மறந்துவிட்டனர்!

நமது தாதியரிடம் தியாகம் இல்லையென்று கூறுவோர்க்கு நமது மண்ணின் வரலாறே விடை கூறும். 1987 ஒக்டோபர் 21ஆந் தேதி, தீபாவளித் திருநாளன்று, யாழ்ப்பாண வைத்தியசாலைக்குள் இந்தியப் படையினர் புகுந்து சுட்டபோது மாண்டோருள் வைத்தியர்களும் தாதியரும் ஊழியருமாக 21 பணியாளர் இருந்தனர். வெளியே போர் நெருங்கிவந்த வேளையிலும் நோயாளரை விட்டகலாது கடமையில் நின்றோர் அவர்கள். 2009இல் புதுக்குடியிருப்பு வைத்தியசாலை எறிகணை வீச்சுக்கு இலக்காகி, பின்னர் புதுமாத்தளனிலும் முள்ளிவாய்க்காலிலும் பாடசாலைக் கட்டடங்களே வைத்தியசாலைகளானபோது, மயக்கமருந்தும் கட்டுத்துணியும் போதாத நிலையிலே காயங்களுக்குக் கட்டுப்போட்ட கைகள் யாருடையவை? கொவிட் நோய் பரவிய 2020, 2021ஆம் ஆண்டுகளிலே நாம் வீட்டுக் கதவைப் பூட்டிக்கொண்டிருந்தபோது வாட்டுக் கதவைத் திறந்துகொண்டு உள்ளே போனோர் யாவர்? தியாகத்திற்குக் குறைவில்லை. தியாகத்தையே நாளாந்த நிர்வாக முறையாக்கி, ஆள் நியமிக்கவேண்டிய இடத்திலே தியாகத்தை நியமித்து வைத்திருப்பதுதான் குற்றம்.

களைப்பை விலைக்கு வாங்கும் முறை

இனி, பேசக் கூச்சப்படும் ஒன்றையும் பேசவேண்டும். மேலதிக நேரக் கடமையைத் தாதியரே கேட்டுப் பெறுகின்றனர் அல்லவா என்று கேட்போர் உண்டு. ஆம், பலர் கேட்டுப் பெறுகின்றனர். ஏன்? அடிப்படைச் சம்பளம் குடும்பத்தை நடத்தப் போதாது. மேலதிக நேரப் பணமும் விடுமுறைநாட் பணமும் சேர்ந்தாற்றான் வீட்டு வாடகையும் பிள்ளைகளின் படிப்பும் நிறைவேறும். ஆகவே ஆட்குறை ஒருபுறம் தள்ள, வறுமை மறுபுறம் இழுக்க, அவர்கள் களைப்பை விற்கின்றனர். அரசாங்கம் மலிவான விலைக்கு அதை வாங்குகின்றது. அக்களைப்பின் முழு விலையையும் செலுத்துபவன் கட்டிலிற் கிடப்பவன்.

2025ஆம் ஆண்டு வரவுசெலவுத் திட்டத்திலே அரசாங்க ஊழியரின் ஆகக்குறைந்த அடிப்படைச் சம்பளம் 24,250 ரூபாவிலிருந்து 40,000 ரூபாவாகக் கட்டங்கட்டமாக உயர்த்தப்படும் என அறிவிக்கப்பட்டது. அது வரவேற்கத்தக்கதே. ஆயின் அதனோடு மேலதிக நேரத்திற்கும் விடுமுறைநாட் கடமைக்கும் பணம் கணக்கிடும் முறை மாற்றப்பட்டதாற் கைக்கு வருவது குறையும் என்று சுகாதாரத் தொழிற்சங்கங்கள் முறையிட்டன, போராட்டத்திலும் இறங்கின. இப்பிணக்கில் யார் பக்கம் எவ்வளவு நியாயம் என்று நாம் இங்கே தீர்ப்பளிக்க முனையவில்லை. ஒன்று மட்டும் தெளிவு: உழைப்பவர் மேலதிக நேரத்தை நம்பியே வாழவேண்டிய முறை இருக்கும்வரை களைப்புத் தீராது. ஆளைக் கூட்டாமல் மேலதிக நேரத்தை மட்டும் குறைத்தாலோ வாட்டிலே ஆளிராது. அடிப்படைச் சம்பளமும் ஆட்டொகையும் ஒருங்கே உயரவேண்டும். ஒன்றை விட்டு மற்றொன்று பயன் தராது.

இந்நிலையிலே 2022இல் வந்த பொருளாதார வீழ்ச்சி எரிகிற வீட்டிற்கு எண்ணெய் வார்த்தது. மருந்தில்லை; கையுறையில்லை; கடமைக்கு வருவதற்கு எரிபொருளில்லை. அவ்வாண்டு ஜூன் மாதத்தில், அரசாங்க ஊழியர் ஐந்தாண்டு வரை சம்பளமற்ற விடுமுறையிலே வெளிநாடு சென்று உழைக்கலாம், சேவை மூப்பும் ஓய்வூதியமும் பாதிக்கப்படா என்ற சுற்றறிக்கை வெளியாயிற்று. டொலர் தேடிய அரசாங்கத்திற்கு அது வழியாகத் தோன்றியிருக்கலாம். ஆயின் ஆழக் கற்று அனுபவம் முதிர்ந்த தாதியர் பிரித்தானியாவுக்கும் மத்திய கிழக்கு நாடுகளுக்கும் போகப் போக, எஞ்சியோர் மீது சுமை ஏறிற்று; சுமை ஏற ஏற எஞ்சியோரும் போகவே எண்ணினர். போனவரைக் குறை கூறோம். அங்கே சம்பளம் மட்டுமன்று. எத்தனை நோயாளர் தம் பொறுப்பு என்பதும் தெரிந்திருக்கின்றது.

மொழியும் மருந்தே

வேலை நிலைமை என்பது கட்டிலும் கடிகாரமும் சம்பளமும் மட்டுமன்று. நோயாளியின் சொல் தாதிக்கு விளங்கவேண்டும். தாதியின் சொல் நோயாளிக்கு விளங்கவேண்டும். "நெஞ்சை அடைக்குது", "மூச்சு முட்டுது", "நாரி நோகுது", "அந்தரமாக் கிடக்குது" என்று நம்மூர்க் கிழவி சொல்வதற்கு ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு நோயின் குறிப்பு உண்டு. தமிழறியாத தாதிக்கு இவை நான்கும் வெறும் முனகலே. தென்னிலங்கையிலிருந்து வந்து வடக்கிலும் கிழக்கிலும் பணிபுரியும் அச்சகோதரி என் செய்வார்? குற்றம் அவருடையதன்று. மொழி கற்பிக்காமல், தங்க நல்ல விடுதியும் கொடாமல், தூரதேசத்திற்கு அனுப்பிவைத்து, இடமாற்றம் எப்போது வரும் என்று நாளெண்ண வைத்திருப்பது அவரை அனுப்பியோரின் குற்றம். நுவரெலியாவிலும் பதுளையிலும் தோட்டத்து லயத்திலிருந்து வரும் தமிழ்த் தாய் தன் குழந்தையின் நோயைச் சொல்ல மொழிபெயர்ப்பாளர் தேடுவதும், தமிழ்த் தாதி தெற்கிலே சிங்கள நோயாளியின் துன்பத்தை அறியமுடியாது நிற்பதும் அதே குற்றத்தின் வேறு முகங்களே.

1956இலே சிங்களம் மட்டும் சட்டம் நிறைவேறியது. 1987இலே பதின்மூன்றாந் திருத்தத்தாற் தமிழும் ஆட்சிமொழி என்றாயிற்று. சட்டப்புத்தகத்தில் ஏறிய தமிழ் வாட்டுக்குள் முழுமையாக நுழைந்ததா? 1847இல் இங்கு வந்து மானிப்பாயிலே வைத்தியம் செய்த அமெரிக்க மிசனரி வைத்தியர் சாமுவேல் கிறீன், நோயாளரின் மொழியிலேயே வைத்தியம் கற்பிக்கவேண்டுமென்று கண்டு, மேனாட்டு வைத்திய நூல்களைத் தமிழிலே பெயர்த்துத் தமிழிலேயே மாணவர்க்குப் போதித்தார். அந்நியர் ஒருவர் பத்தொன்பதாம் நூற்றாண்டிற் கண்ட உண்மையை நமது ஆட்சியாளர் இன்னும் செயலிற் காணவில்லையே!

பணமில்லை என்னும் பல்லவி

இவ்வளவும் சொன்னால், "நாட்டிலே பணமில்லை" என்ற பல்லவியே விடையாக வரும். பணம் குறைவென்பதை மறுக்கோம். ஆயின் தாதியரைக் குறைப்பது சிக்கனமா என்று பார்ப்போம்.

கலிபோர்ணியா மாநிலம் 1999இல் ஒரு சட்டம் இயற்றி, 2004 முதல் ஒவ்வொரு வகை வாட்டிலும் ஒரு தாதி இத்தனை நோயாளருக்கு மேற் பார்க்கலாகாது என வரையறுத்தது. ஒஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலம் 2016இல் அதைப் பின்பற்றி, பொது வாட்டுகளிலே பகலில் நால்வருக்கு ஒருவர், இரவில் எழுவருக்கு ஒருவர் என விதித்தது. அதன் பயனை ஆராய்ந்து 2021இல் வெளியிட்டோர் கண்டதென்ன? சாவு குறைந்தது, வீடு சென்ற நோயாளர் திரும்பி வந்து படுப்பது குறைந்தது, கட்டிலிற் கிடக்கும் நாட்களும் குறைந்தன. இவற்றால் மிஞ்சிய பணம், கூடுதலாக நியமித்த தாதியருக்குச் செலவான பணத்தைப்போல் இருமடங்குக்கும் மேல்!

இதிலே வியப்பொன்றுமில்லை. புரட்டிப் படுக்கவைக்க ஆளில்லாமையால் வந்த படுக்கைப்புண் ஆறப் பல வாரம் வேண்டும். கைகழுவ நேரமில்லாமையாற் பரவிய கிருமிக்கு விலையுயர்ந்த மருந்து வேண்டும். அத்தனை நாளும் ஒரு கட்டில் அடைபட்டிருக்கும். வேறொரு நோயாளி தரையிற் கிடப்பார். வாய்க்காலைத் திருத்தக் காசில்லையென்று விட்டு, ஓடி வீணாகும் நீருக்கு மேலும் மேலும் எண்ணெய் செலவழித்து இறைக்கும் கமக்காரனை எவரும் சிக்கனக்காரன் என்னார்.

நமது நாடு நாளைக்கே ஒருவருக்கு நால்வர் என்ற நிலையை எய்தும் என நாம் கனவு காணவில்லை. ஆயின் எல்லை ஒன்று வேண்டும். இன்று எல்லையே இல்லை. வருவோர் யாவரையும் இருப்போர் பார்ப்பதே விதி.

செய்யவேண்டியவை

முதலாவதாக, ஒவ்வொரு வாட்டுக்கும் ஒவ்வொரு கடமை முறைக்கும் ஒரு தாதி பார்க்கக்கூடிய நோயாளரின் உச்சத் தொகையை அரசாங்கம் விதித்து, அதனைப் பொதுமக்கள் அறிய வெளியிடல் வேண்டும். இன்றைய தொகை எது, அடுத்த ஆண்டின் தொகை எது எனப் படிப்படியாக இறங்கும் கணக்கு இருக்கவேண்டும்.

இரண்டாவதாக, மாலைக் கடமையோடு இரவுக் கடமையை இணைக்கும் வழக்கம் ஒழியவேண்டும். இரவுக் கடமையின் நடுவே சற்று இளைப்பாறுவது சோம்பலன்று, பாதுகாப்பு.

மூன்றாவதாக, படிவம் நிரப்புதல், மருந்துச் சாமான் கணக்கெடுத்தல், தள்ளுவண்டி தேடுதல் போன்றவற்றிலிருந்து பயின்ற தாதியை விடுவித்து, அவற்றுக்கு எழுதுவினைஞரையும் சிற்றூழியரையும் நியமிக்கவேண்டும். மூன்றாண்டு பயின்ற கையைக் கொப்பி கோடிடப் பயன்படுத்துவது நாட்டிற்கு நட்டம்.

நான்காவதாக, வடக்கு, கிழக்கு, மலையகம் ஆகிய பகுதிகளிலிருந்து தமிழ்பேசும் பிள்ளைகளைத் தாதியர் பயிற்சிக்குக் கூடுதலாகச் சேர்க்க வழிவகுப்பதோடு, பிறபகுதியிலிருந்து வருவோர்க்குக் கடமை ஏற்குமுன் மொழிப் பயிற்சியும், பாதுகாப்பான விடுதியும் அளிக்கவேண்டும்.

ஐந்தாவதாக, தவறு நேர்ந்தவிடத்து உடனே தண்டிக்க முனையாது, அத்தவறு நேர்ந்தபோது வாட்டிலே எத்தனை பேர் இருந்தனர், எத்தனையாவது மணித்தியாலத்திலே நேர்ந்தது என்பதையும் விசாரிக்கவேண்டும். வேண்டுமென்றே நோயாளியை அவமதிப்போரும் கடமையைப் புறக்கணிப்போரும் இருப்பின் அவர்மீது நடவடிக்கை எடுக்கத்தான் வேண்டும். அதற்கு நாம் பரிந்து பேசோம். ஆயின் தண்டனைக்கு அஞ்சித் தவறுகள் மறைக்கப்படும் இடத்திலே அதே தவறு மீண்டும் நிகழும்.

நமது பங்கு

இவற்றை யார் செய்விப்பது? தாதியர் பயிற்சியும் நியமனமும் கொழும்பின் கையில். போதனா வைத்தியசாலைகள் மத்திய அமைச்சின் கீழ். மற்றும் பல வைத்தியசாலைகள் மாகாணத்தின் கீழ். வட மாகாணசபையின் ஆயுட்காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தபின் பல ஆண்டுகளாக மக்கள் தெரிந்தெடுத்தோர் எவருமின்றி ஆளுநரின் கீழேயே நிர்வாகம் நடந்தது. ஒருவரைக் கேட்டால் மற்றவரைக் காட்டுவர். ஆதலின் கேட்பதை நாம் கூட்டாகவும் விடாமலும் கேட்கவேண்டும். வாக்குக் கேட்டு வருவோரிடம், "எமது வைத்தியசாலையிலே இரவில் ஒரு தாதிக்கு எத்தனை நோயாளர்?" என்று வினவுங்கள். விடை தெரியாதவர் நமக்காகப் பேசத் தகுதியற்றவர். கட்டடத்திற்கு அடிக்கல் நாட்டும் படத்தைக் காட்டினால், அக்கட்டடத்துள் இரவிலே நிற்கப்போவது யார் என்று கேளுங்கள்.

வைத்தியர்களே, சட்டத்தரணிகளே, ஆசிரியர்களே! வைத்தியசாலை அபிவிருத்திக் குழுக்களில் அமர்வோர் பெரும்பாலும் நீங்களே. நிறப்பூச்சையும் மின்விசிறியையும் பற்றிப் பேசும் அக்கூட்டங்களில் இரவுக் கடமைப் பட்டியலையும் மேசைமீது வைக்கச் சொல்லுங்கள்.

கமக்காரப் பெருமக்களே! உங்கள் பெண்பிள்ளைகளும் ஆண்பிள்ளைகளும் இத்தொழிலுக்குப் போவதைக் குறைவாக எண்ணாதீர்கள். நோயாளியைப் பார்க்கச் செல்லும்போது குறித்த நேரத்திலே செல்லுங்கள்; ஒரு கட்டிலைச் சுற்றிப் பத்துப் பேர் நின்று தாதியின் வழியை மறியாதீர்கள்; இறப்பு நேர்ந்தவிடத்துத் துயரத்தை அவர்மீது ஆத்திரமாகக் கொட்டாதீர்கள். குறை இருந்தால் எழுதுங்கள். எழுதும்போது தாதியின் பெயரோடு நிறுத்தாமல், அந்நேரம் வாட்டில் எத்தனை நோயாளர், எத்தனை தாதியர் என்பதையும் சேர்த்தெழுதுங்கள். அந்த இரண்டு இலக்கங்களும் நூறு வசைமொழிகளிலும் வலியவை.

நாம் அந்த வாட்டை விட்டு வெளியேறிய காலையில், முதல்நாட் பிற்பகல் 1 மணிக்கு வந்த அத்தாதி வாயிலருகே பேருந்துக்குக் காத்து நின்றார். அன்று பிற்பகலும் கடமை உண்டா என்று கேட்டோம். "ஓம்" என்றார். அவர் திரும்பி வரும்போது எந்தக் கட்டிலில் யாருடைய தாய் படுத்திருப்பாரோ, நாமறியோம். அத்தாயின் உயிருக்காகவேனும் அக்கைகளுக்கு ஓய்வு கேட்போம்.